கடை மாறினால் பழைய கேம் மீது கல் விழுமா?

கேள்வி: நானும் என் கல்லூரித் தோழனும் சேர்ந்து கேம் செய்கிறோம். எங்கள் முதல் கேம் மூன்று ஆண்டுகளுக்கு முன் ஸ்டீம் என்ற டிஜிட்டல் கேம் கடையில் வந்தது. சுமார் 400 ரிவ்யூக்கள்; 92 சதவீதம் பேர் பரிந்துரைத்திருக்கிறார்கள். இரண்டாவது கேமுக்கு ஸ்டீமில் பக்கம் திறந்து 14 மாதங்கள் ஆகின்றன. நிறையப் பேர் விஷ்லிஸ்டில், அதாவது பிறகு வாங்க நினைக்கும் கேம்களின் பட்டியலில், சேர்த்திருக்கிறார்கள். முடிக்க இன்னும் 9 மாதம் வேண்டும், கையில் 5 மாதத்துக்குத்தான் பணம் இருக்கிறது. இப்போது வேறொரு டிஜிட்டல் கடை, ஓராண்டு தங்களிடம் மட்டும் விற்றால் ஓர் உத்தரவாதத் தொகை தருவதாகச் சொல்கிறது. அறிவித்த அன்றே முதல் கேமின் பக்கத்தில் ரிவ்யூ பாம்பிங் (கோபத்தில் கூட்டமாக எதிர்மறை ரிவ்யூ போடுவது) நடக்கும், ஒப்புக்கொள்ளாதே என்கிறார்கள் தெரிந்தவர்கள். தோழன் நேர் எதிராகப் பேசுகிறான். ரிவ்யூவே இல்லாத கடைக்குப் போய்விடலாம், முதல் கேமையும் ஸ்டீமிலிருந்து எடுத்துவிடலாம் என்கிறான். இரவெல்லாம் பழைய ரிவ்யூக்களைத் திரும்பத் திரும்பப் படிக்கிறான். நாங்கள் என்ன செய்வது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது 9 மாதம், 5 மாதம் என்ற இரண்டு எண்கள்தான். ரிவ்யூவைப் பற்றிய பயம் அதற்கு அப்புறம்தான். ஆனால் நீங்கள் பயத்தைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

தெரிந்தவர்கள் சொன்னது பொய்யல்ல. கடை மாறும் அறிவிப்பு வந்தால், புதிய கேம் இன்னும் விற்பனைக்கே வராத நிலையில், கோபம் பழைய கேமின் மேல்தான் விழும். 2019 ஜனவரி 28 அன்று மெட்ரோ எக்ஸோடஸ் என்ற கேம் ஸ்டீமில் விற்கப்படாது, போட்டிக் கடையான எபிக்கில்தான் வரும் என்று அறிவித்தார்கள். வெளியீட்டுத் தேதி பிப்ரவரி 15. நடுவில் 18 நாட்கள்தான். அதுவரை ஸ்டீமில் முன்பதிவு நடந்துகொண்டிருந்தது. முன்பதிவு செய்தவர்களுக்கு ஸ்டீமிலேயே கேம் கிடைத்தது என்றாலும், மற்றவர்களின் கோபம் அதே தொடரின் முந்தைய கேம்களின் பக்கங்களில் கொட்டியது. அடுத்து ஏப்ரலில், பார்டர்லாண்ட்ஸ் 3 முதல் ஆறு மாதம் எபிக்கில் மட்டும் என்ற செய்தி வந்ததும், பல ஆண்டுகளாக நல்ல பெயரோடு இருந்த பார்டர்லாண்ட்ஸ் 2 பக்கத்தில் எதிர்மறை ரிவ்யூக்கள் குவிந்தன. அந்தப் பழைய கேம்களில் ஒரு வரி நிரல்கூட மாறியிருக்கவில்லை.

இதே காலத்தில் நடந்த இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். ஹேடிஸ் கேம் 2018 டிசம்பரில், எபிக் கடை திறந்த அதே நாளில், அங்கே முன்னோட்டப் பதிப்பாக, அதாவது முழுதாக முடியும் முன்பே விற்கப்படும் வடிவில், வந்தது. ஓராண்டு கழித்து 2019 டிசம்பரில் ஸ்டீமுக்கு வந்தது. அதை ஸ்டீம் மக்கள் கொண்டாடினார்கள். அதுவும் ஓராண்டு ஒரு கடையில் மட்டும் இருந்த கேம்தானே, அதற்கு ஏன் அந்த அடி விழவில்லை? கேம் நன்றாக இருந்தது ஒரு காரணம். எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு: ஸ்டீமில் பக்கம் போட்டு, ஆசை காட்டி, கடைசி நேரத்தில் அதை எடுத்துக்கொண்டுபோன கதை அங்கே இல்லை. அறிமுகமான நாளே எங்கே கிடைக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சாடிஸ்ஃபாக்டரியும் 2019 மார்ச்சில் எபிக்கில் வந்து, 2020 ஜூனில் ஸ்டீமுக்கு வந்தபோது மிக நல்ல வரவேற்பைப் பெற்றது. கடை மாற்றத்தால் வரும் கோபம் கடுமையானது, ஆனால் பெரும்பாலும் அதற்கு ஆயுள் குறைவு.

உங்கள் நிலை இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. 14 மாதமாகப் பக்கம் திறந்திருக்கிறது. விஷ்லிஸ்டில் சேர்த்தவர்கள் பணம் தரவில்லை, ஆனால் 'இங்கே வரும்' என்று நீங்கள் சொன்னதை நம்பியிருக்கிறார்கள். அந்த நம்பிக்கையை எப்படிக் கையாளுகிறீர்கள் என்பதுதான் வரப்போகும் அடியின் அளவைத் தீர்மானிக்கும். எந்தக் கடை என்பது அதற்கு அடுத்துதான்.

சரி, அடி விழுந்தால் எவ்வளவு விழும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 400 ரிவ்யூவில் 92 சதவீதம் என்றால் 368 பேர் பரிந்துரைத்திருக்கிறார்கள். இன்னும் 130 பேர் வந்து எதிர்மறையாகப் போட்டால் 530க்கு 368, அதாவது 69 சதவீதத்துக்குச் சற்று மேல். ஸ்டீமில் 70க்குக் கீழே போனால் 'கலவையானது' என்ற முத்திரை விழும். 'மிகவும் நேர்மறை' என்று இருந்த பக்கத்தை 130 பேர் ஒரு வார இறுதியில் அங்கே கொண்டுவந்துவிடலாம். இதே 130 பேர் 40,000 ரிவ்யூ உள்ள ஒரு பெரிய கேமின் பக்கத்துக்குப் போனால் 92 என்பது 91.7 ஆகும், யாருக்கும் தெரியாது. பெரிய நிறுவனங்களைத் தண்டிக்கிறோம் என்று நினைத்துச் செய்யும் காரியம் சின்ன ஸ்டுடியோவைத்தான் முறிக்கிறது. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு.

ஆனால் அந்த 130 பேர் எங்கிருந்து வருவார்கள் என்பதையும் பாருங்கள். ஸ்டீமில் ரிவ்யூ எழுத வேண்டுமானால் அந்த கேம் எழுதுபவரின் கணக்கில் இருக்க வேண்டும். மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாகிரிட்டிக் போன்ற தளங்களில் அந்தத் தடை கிடையாது. 2020 ஜூனில் தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகம் வந்த வேகத்தில், யாரும் முடித்திருக்கவே முடியாத நேரத்தில், ஆயிரக்கணக்கான பூஜ்ஜிய மதிப்பெண்கள் விழுந்தன. அதன்பின் மெட்டாகிரிட்டிக்கில், கேம் வெளியான முதல் 36 மணி நேரம் பயனர் ரிவ்யூவை மூடிவைக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். ஸ்டீமில் உங்கள் கேம் இலவசம் அல்ல என்பதால், கல்லெறிபவர் உங்களிடம் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியவராகத்தான் இருக்க முடியும். காசு கொடுத்து வாங்கி, ரிவ்யூவும் எழுதி, பின் காசைத் திரும்பப் பெறுபவர்கள் சிலர் இருக்கலாம், மொத்தத்தில் அது சின்ன எண்ணிக்கை. வெளியே விற்கப்பட்ட கீ (ஸ்டீமில் கேமைத் திறக்கும் குறியீடு) மூலம் கேமைப் பெற்றவர்கள் ரிவ்யூ எழுதலாம், ஆனால் 2016 முதல் அது மதிப்பெண்ணில் சேர்வதில்லை. ஆக, வரக்கூடிய கூட்டம் முகம் தெரியாத உலகம் அல்ல, உங்கள் பழைய வாடிக்கையாளர்களில் ஒரு பகுதி. அவர்களோடு பேச முடியும் என்பதால் இது நல்ல செய்தி என்றே நினைக்கிறேன்.

ஸ்டீமை நடத்தும் வால்வும் இத்தனை ஆண்டுகள் சும்மா இருக்கவில்லை. 2017 செப்டம்பரில் ஃபயர்வாட்ச் கேமுக்கு எதிர்மறை ரிவ்யூக்களின் அலை ஒன்று வந்தது. பிரபல யூடியூபர் ஒருவர் நேரலையில் இனவெறிச் சொல் ஒன்றைப் பயன்படுத்த, தங்கள் கேமை அவர் விளையாடிய காணொளியை நீக்கும்படி ஸ்டுடியோ கோரியதுதான் காரணம். அதே மாதம் ரிவ்யூக்கள் நாள்வாரியாக எப்படி வந்திருக்கின்றன என்று காட்டும் வரைபடத்தை எல்லாப் பக்கங்களிலும் சேர்த்தார்கள். 2019 மார்ச்சில் அடுத்த படி எடுத்தார்கள். திடீரென்று வழக்கத்துக்கு மாறாக ரிவ்யூ குவிந்தால் கருவி எச்சரிக்கும், ஆட்கள் படித்துப் பார்ப்பார்கள், கேமுக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று முடிவானால் அந்தக் குறிப்பிட்ட நாட்களின் ரிவ்யூக்கள் மதிப்பெண்ணில் சேராது. அவை அழிக்கப்படுவதில்லை, விரும்புகிறவர் படிக்கலாம். அடுத்த மாதமே பார்டர்லாண்ட்ஸ் 2க்கு அது பயன்படுத்தப்பட்டது. உங்களுக்கு நேரக்கூடியது அதே வகை. இரண்டாவது கேம் எங்கே விற்கிறது என்பதற்கும் முதல் கேமின் தரத்துக்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல உங்களுக்கு உறுதியான முன்னுதாரணம் இருக்கிறது. ஒரு குறை: அந்த நாட்களில் யாராவது உண்மையாகவே ரசித்து எழுதியிருந்தால் அதுவும் சேர்ந்தே கழிந்துபோகும்.

இப்போது உங்கள் தோழனின் யோசனைக்கு வருகிறேன். ரிவ்யூவே இல்லாத கடை. இந்த ஆசையில் அவர் தனியாள் அல்ல. எபிக் கடை திறந்தபோது பயனர் ரிவ்யூ கிடையாது. அதன் தலைவர் டிம் ஸ்வீனி, ரிவ்யூ வந்தாலும் அதை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதை டெவலப்பரே தேர்ந்தெடுக்கலாம் என்று அப்போது சொன்னார். பல ஸ்டுடியோக்களுக்கு அது இனிப்பாக இருந்தது. 2022 ஜூனில் அங்கே மதிப்பீடு வந்தபோதும் முறை வேறாக இருந்தது: இரண்டு மணி நேரத்துக்கு மேல் விளையாடியவர்களில் சிலரைக் குலுக்கல்போல் தேர்ந்தெடுத்து, விளையாடி முடித்ததும் நட்சத்திரம் கேட்பார்கள். நானாகப் போய்ப் போட முடியாது, கூட்டமாகத் திரண்டு வரவும் வழியில்லை. ரிவ்யூ பாம்பிங்கைத் தடுக்கவே அப்படி அமைத்தோம் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். வடிவமைப்பாக எனக்கு அது பிடித்திருக்கிறது.

ஆனால் கோபத்தின் ஒரு வாசலை அடைத்தால் அது வேறு வாசலைத் தேடும். ஊப்லட்ஸ் கேமைச் செய்தவர்கள் உங்களைப் போல இரண்டே பேர். 2019இல், எபிக் தந்த விற்பனை உத்தரவாதத்தை ஏற்று, கணினிக்கு அங்கே மட்டும் வெளியிடப் போவதாக அறிவித்தார்கள். அவர்களுக்கு ஸ்டீமில் அடிபட முந்தைய கேம் இல்லை. கோபம் டிஸ்கார்டு அரட்டைத் தளத்துக்கும் சமூக ஊடகங்களுக்கும் மின்னஞ்சலுக்கும் போனது. ஆயிரக்கணக்கான வசைகள், மிரட்டல்கள். ரிவ்யூ பக்கத்திலாவது 'எனக்கு இது பிடிக்கவில்லை' என்று ஒரு கட்டத்துக்குள் எழுதியிருப்பார்கள், இது நேராக வீட்டுக்குள் வந்தது. இந்த நிகழ்வில் எனக்கு மனம் ஆறவே இல்லை, எந்த வியாபார முடிவும் அதற்கு நியாயமாகாது. அதே சமயம், அவர்கள் அறிவிப்பை விளையாட்டான தொனியில் எழுதி, கோபப்படுவோரைப் பற்றி முன்கூட்டியே கொஞ்சம் கேலியாகப் பேசியிருந்தார்கள். அது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஆனது. நீங்கள் எழுதும்போது இதை நினைவில் வையுங்கள்.

இன்னொரு விஷயமும் தோழனிடம் சொல்லுங்கள். ரிவ்யூ இல்லாத இடத்தில் வசை இல்லை, ஆனால் உங்களுக்காகப் பேசும் 368 பேரும் இல்லை. விளம்பரத்துக்குப் பணம் இல்லாத இருவர் குழுவுக்கு அந்த 368 பேர்தான் விற்பனைப் பிரிவு. ஒரு கேமைப் பார்த்து வாங்கலாமா வேண்டாமா என்று தயங்குபவர் முதலில் அங்கேதான் போய்ப் படிக்கிறார். முதல் கேமை ஸ்டீமிலிருந்து எடுத்துவிட்டால், வாங்கியவர்களிடமிருந்து அது மறையாது, எழுதப்பட்டதும் எழுதப்பட்டதுதான். புதிதாக வாங்க வருபவர்களுக்கு மட்டும்தான் கதவு சாத்தப்படும். அந்த யோசனையை இன்றே கைவிட்டுவிடுங்கள்.

பெரிய நிறுவனங்கள் இந்த விஷயத்தில் எப்படி முடிவெடுக்கின்றன என்று கவனித்தால் உதவியாக இருக்கும். ஓவர்வாட்ச் 2 கேம், அதைச் செய்த பிளிசார்டின் சொந்தக் கடையில், ரிவ்யூவே இல்லாத இடத்தில் இருந்தது. 2023 ஆகஸ்டில் ஸ்டீமுக்கும் கொண்டுவந்தார்கள். இலவச கேம் என்பதால் யார் வேண்டுமானாலும் ரிவ்யூ எழுதலாம். சில நாட்களிலேயே ஸ்டீமின் மிக மோசமான மதிப்பெண் பெற்ற கேம் என்ற பெயர் வந்தது. அவர்கள் கடையை மூடிக்கொண்டு திரும்பிப் போகவில்லை. ஆட்கள் அங்கே இருக்கிறார்கள், ரிவ்யூவின் வலியைத் தாங்கியாவது அங்கே இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தார்கள் என்றே நான் புரிந்துகொள்கிறேன். உங்களால் அவ்வளவு வலி தாங்க முடியாது என்பது வேறு. ஆனால் காசு வைத்திருப்பவர்களும் ரிவ்யூ இல்லாத இடம் மட்டும் போதாது என்று வந்தார்கள் என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

ஒரு கடையில் மக்கள் எதை எதிர்பார்த்து வருகிறார்கள் என்று தெரியாமல் போய் மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. ஜிஓஜி கடையின் அடையாளமே, வாங்கிய கேம் இணையமில்லாமல், யாருடைய அனுமதியும் கேட்காமல் ஓடும் என்பதுதான். 2021 செப்டம்பரில் ஹிட்மேன் அங்கே வந்தது. அதன் பல அம்சங்களுக்கு இணைய இணைப்பு வேண்டியிருந்தது. வாங்கியவர்கள் ஒற்றை நட்சத்திரமாகக் குவித்தார்கள். கடை முதலில் ரிவ்யூ பாம்பிங்கைப் பொறுக்க மாட்டோம் என்று பேசியது, பிறகு அக்டோபரில் கேமையே விற்பனையிலிருந்து எடுத்தது. இதை நான் ரிவ்யூ பாம்பிங் என்றே சொல்ல மாட்டேன். கடை தந்த வாக்கைக் கடையே மீறியதை வாடிக்கையாளர்கள் சுட்டிக்காட்டினார்கள், அவர்கள் பக்கம்தான் நியாயம். 2024 மே மாதம் ஹெல்டைவர்ஸ் 2 விஷயத்திலும் அப்படித்தான். ஸ்டீமில் வாங்கியவர்களும் பிளேஸ்டேஷன் கணக்கை இணைத்தே ஆக வேண்டும் என்றபோது, அந்தச் சேவையே கிடைக்காத நாடுகளில் இருந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். சில நாட்களில் 2 லட்சத்துக்கு மேல் எதிர்மறை ரிவ்யூக்கள். கேமை வெளியிட்ட சோனி பின்வாங்கியது. வேறு எந்த வழியிலும் அவர்கள் குரல் அவ்வளவு சீக்கிரம் கேட்டிருக்காது.

மனதை உறுத்தும் உதாரணம் ஒன்றையும் சொல்ல வேண்டும். தைவானைச் சேர்ந்த ரெட் கேண்டில் கேம்ஸின் டிவோஷன், 2019 பிப்ரவரியில் ஸ்டீமில் வந்தது. சுவரொட்டி ஒன்றில் சீன அதிபரைக் கேலி செய்யும் குறிப்பு மறைந்திருந்தது வெளியே தெரிந்ததும் சீனாவில் விளையாடுபவர்களிடமிருந்து எதிர்மறை ரிவ்யூக்கள் பொழிந்தன. ஒரு வாரத்துக்குள் கேம் விற்பனையிலிருந்து போனது. 2020 டிசம்பரில் ஜிஓஜி அதை விற்கப்போவதாக அறிவித்து, 'கேமர்களிடமிருந்து பல செய்திகள் வந்தன' என்று சொல்லி அன்றே பின்வாங்கியது. கடைசியில் 2021 மார்ச்சில் அவர்கள் தங்கள் சொந்த இணையதளத்திலேயே விற்றார்கள். உங்கள் கேமில் அரசியல் இல்லாமல் இருக்கலாம். ஆனாலும், எந்தக் கடையும் ஒருநாள் கைவிடலாம் என்பதற்காக, விளையாடுபவர்களின் மின்னஞ்சல் பட்டியல் ஒன்றை நீங்களே வைத்திருங்கள். இன்று தொடங்கினால்கூட 9 மாதத்தில் உருப்படியான பட்டியல் சேரும்.

இனிப் பணம். ஸ்டீம் 30 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. ஒரு கேமின் விற்பனை 1 கோடி டாலரைத் தாண்டினால் 25, 5 கோடியைத் தாண்டினால் 20 என்று இறங்கும், அது நம் பேச்சில் இல்லை. எபிக் எடுப்பது 12. 2025 ஜூன் முதல் ஒவ்வொரு கேமுக்கும் ஆண்டுக்கு முதல் 10 லட்சம் டாலர் வரை அவர்கள் எதுவுமே எடுப்பதில்லை. கேட்கும்போது இந்த வித்தியாசம் மயக்கும். ஆனால் சதவீதத்தைப் பார்த்துக் கடை மாறாதீர்கள். பாதி ஆட்கள் வரும் இடத்தில் 88 சதவீதம் கிடைப்பதைவிட முழு ஆட்கள் வரும் இடத்தில் 70 சதவீதம் அதிகம். உங்கள் விஷயத்தில் எடை உள்ளது உத்தரவாதத் தொகைதான். அது பெரும்பாலும் விற்பனைப் பங்கின் முன்பணம். விற்பனையில் உங்கள் பங்கு அந்தத் தொகையை எட்டும்வரை மேற்கொண்டு எதுவும் வராது, எட்டாவிட்டாலும் நீங்கள் திருப்பித் தர வேண்டியதில்லை. உங்கள் ஒப்பந்தத்திலும் அப்படித்தானா என்று ஒரு வழக்கறிஞரைக் கொண்டு வரிவரியாகப் பாருங்கள். தொகை எந்தெந்தத் தேதியில் கைக்கு வரும் என்பதும் முக்கியம். வெளியீட்டுக்கு அப்புறம்தான் என்றால், உங்கள் ஐந்தாவது மாதத்துக்கு அது உதவாது.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தொகை விடுபட்ட 4 மாதத்தையும், வெளியான பின் திருத்தங்கள் செய்ய இன்னும் ஓர் ஆறு மாதத்தையும் தாங்குமானால், ஒப்புக்கொள்ளுங்கள். ரிவ்யூ பயத்துக்காக அதை மறுக்காதீர்கள். பணம் தீர்ந்து அரைகுறையாக வெளியிட்டால் வரும் ரிவ்யூக்கள் கேமைப் பற்றியதாகவே இருக்கும், அவற்றை எந்தக் கடையும் கழித்துத் தராது. தாங்காது என்றால் மறுத்துவிட்டு, ஸ்டீமில் முன்னோட்டப் பதிப்பாகச் சீக்கிரம் வெளியிடுவதைப் பற்றி யோசியுங்கள். அப்போது 14 மாதம் சேர்த்த விஷ்லிஸ்ட் முழுவதும் உங்களுக்கு வேலை செய்யும்.

ஒப்புக்கொள்வதானால் கையெழுத்துக்கு முன் சிலவற்றைக் கேட்டு வாங்குங்கள். ஓராண்டை ஆறு மாதமாகக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள், பார்டர்லாண்ட்ஸ் 3க்கு ஆறு மாதம்தான். ஸ்டீம் பக்கத்தை மூடாமல், பிந்தைய தேதியோடு திறந்து வைத்திருக்க அனுமதி வாங்குங்கள். இது எல்லாவற்றையும்விட முக்கியம். பக்கம் இருக்கும்வரை விஷ்லிஸ்ட் இருக்கும், கேம் ஸ்டீமில் வெளியாகும் அன்று அவர்களுக்கு மின்னஞ்சல் போகும். அறிவிப்பை முதலில் நீங்கள்தான் வெளியிட வேண்டும், கடையின் டிரெய்லரில் மக்கள் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதையும் எழுத்தில் கேளுங்கள். பணம் வாங்கினோம் என்பதை வெளியே சொல்லத் தடை இருந்தால் அந்த வரியை நீக்கச் சொல்லுங்கள். தொகையைச் சொல்ல வேண்டாம், காரணத்தைச் சொல்ல முடிய வேண்டும்.

அறிவிப்பைச் சுருக்கமாக எழுதுங்கள். கையில் 5 மாதப் பணம்தான் இருந்தது, கேமுக்கு 9 மாதம் தேவை, இந்த ஒப்பந்தம் அதை முடிக்க வைக்கிறது, ஸ்டீமில் இன்ன மாதம் வரும், காத்திருக்க விரும்புகிறவர்கள் தாராளமாகக் காத்திருங்கள், ஏமாற்றம் தந்ததற்கு மன்னியுங்கள். அவ்வளவுதான். கடைகளுக்குள் போட்டி இருந்தால் உங்களுக்குத்தான் நல்லது என்று வாசகருக்குப் பாடம் எடுக்க வேண்டாம். அது உண்மையாகவே இருந்தாலும் அந்த நேரத்தில் யாரும் கேட்கும் மனநிலையில் இருக்க மாட்டார்கள். வெளியீட்டுக்கு 18 நாள் முன்பு சொல்லாதீர்கள், கையெழுத்தான வாரமே சொல்லுங்கள். அதே மாதம் முதல் கேமுக்கு ஒரு சின்ன அப்டேட் விட முடிந்தால் விடுங்கள். பழைய வாடிக்கையாளர்களை விட்டுவிட்டுப் போகவில்லை என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை.

அலை வந்தால், முதலில் படித்துப் பாருங்கள். பல ஆண்டுகளுக்கு முன் நான் ஆலோசனை சொன்ன ஒரு சின்ன ஸ்டுடியோவுக்கு ஒரே வாரத்தில் ஒரே மொழியில் ஐம்பது, அறுபது எதிர்மறை ரிவ்யூக்கள் வந்தன. அந்த வாரம் அவர்கள் ஒரு சர்ச்சையில் கருத்துச் சொல்லியிருந்ததால், கூட்டமாகத் தாக்குகிறார்கள் என்று நானும் நம்பி, கடைக்குப் புகார் எழுதச் சொன்னேன். மொழி தெரிந்த ஒருவரைப் படிக்க வைத்தபோதுதான் தெரிந்தது: கடைசி பேட்சில் (திருத்தப் பதிப்பில்) அந்த மொழியின் எழுத்துகள் முழுக்கக் கட்டம் கட்டமாக உடைந்திருந்தன. அவர்கள் ஐந்து நாட்களாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தவறு என்னுடையது. அன்றிலிருந்து படிக்காமல் எதையும் பாம்பிங் என்று சொல்வதில்லை. 2025 முதல் ஸ்டீம், ரிவ்யூ நிறைய உள்ள கேம்களுக்கு மொழிவாரியாகவும் மதிப்பெண் காட்டுகிறது. இப்படிப்பட்ட சிக்கல்கள் இப்போது சீக்கிரம் கண்ணில் படும்.

படித்துப் பார்த்து, எல்லாம் கடை மாற்றத்தைப் பற்றித்தான் என்று உறுதியானால், தேதிகளையும் எடுத்துக்காட்டுகளையும் சேர்த்து ஸ்டீமுக்கு எழுதுங்கள். ஒவ்வொரு ரிவ்யூவுக்கும் பதில் எழுத உட்காராதீர்கள். ஒரே அறிவிப்பை மேலே பொருத்திவிட்டு விடுங்கள். வசையும் மிரட்டலும் இருந்தால் புகார் பொத்தானை அழுத்துங்கள், வெறும் 'ஏமாற்றிவிட்டார்கள்' என்பதற்கு அழுத்தாதீர்கள். நண்பர்களைக் கூப்பிட்டு நல்ல ரிவ்யூ போடச் சொல்லும் ஆசை கட்டாயம் வரும். அது விதிமீறல், வெளியே தெரிந்தால் உங்கள் 368 பேரின் வார்த்தைக்கும் மதிப்புப் போய்விடும்.

தோழனைப் பற்றி ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அறிவிப்பு வெளியாகும் நாளிலிருந்து இரண்டு வாரம் அவர் ரிவ்யூ பக்கத்தைத் திறக்க வேண்டாம். நீங்கள் ஒரு நாளைக்கு ஒரு தடவை, பகலில், அரை மணி நேரம் படியுங்கள். திருத்தக்கூடிய குறை ஏதாவது இருந்தால் அதை மட்டும் குறித்து அவரிடம் கொடுங்கள். உங்களுக்கும் அது பாரமாக இருந்தால், கேமில் சம்பந்தமில்லாத நம்பிக்கையான ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். டிஸ்கார்டு வைத்திருந்தால் அந்த வாரத்துக்கு அரட்டையைக் கண்காணிக்கும் இரண்டு மட்டுறுத்துநர்களை இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் இருவரின் சொந்தக் கணக்குகளில் வீட்டு விவரம், தொலைபேசி எண் எதுவும் வெளியே தெரியாதபடி, கையெழுத்துப் போடும் முன்பே சரிபார்த்துவிடுங்கள். ஒப்பந்த நகல் வந்ததும், தொகை வரும் தேதிகள் உள்ள பக்கத்தை எனக்கு அனுப்புங்கள், படித்துவிட்டு எழுதுகிறேன்.